கழுவின சீட்டு

வடிவு,

பொலிஸ் ரிப்போட்டைக் குடுக்க நுவரெலியா இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போறேன். சாயந்திர ரயில்ல றொசல்ல ஸ்டேசனுக்கு வந்து இறங்கிருவேன். ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கேன், நேத்துலருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல. நம்ம மகன் செல்லச்சாமி படத்து விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டேன், காரியம் வரைக்கும் அணைய விடாத.

நொறுங்கின பிக்கப் வண்டியப் பாக்க இன்னிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரு வருவாரு. சாவி கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. நீ தொட வேணாம், அவரே எடுத்துக்கட்டும்.

அவரு வந்து பாக்குறதுக்குள்ள வண்டி சீட்டைக் கழுவிட்டியேன்னு நேத்து கத்திட்டேன். வாங்கி எட்டு மாசங்கூட ஆகாத வண்டி, காசு வராமப் போயிருமோன்னு பயந்து வாய விட்டுட்டேன். பெத்த புள்ளையோட ரத்தத்த எத்தன நாளைக்குத்தான் நீ பாத்துக்கிட்டு இருப்ப. யாரு கழுவுனதுன்னு அவரு கேட்டா என் பேரச் சொல்லு. ஆபீசுலயும் நான் அப்படித்தான் சொல்லப் போறேன்.

நல்லமுத்து

இடமில்லாம ஓரத்துல எழுதுறேன். மகனுக்கு வண்டி ஓட்ட அனுமதி குடுத்தது யாருன்னு கம்பெனிப் பேப்பர்ல ஒரு கேள்வி இருக்கு. இந்தப் பனிமூட்டத்துல அனுப்பாதீங்கன்னு அன்னிக்கு நீ எவ்வளவோ சொன்ன. நான்தான் சாவிய அவன் கையில குடுத்தேன். தகப்பன்னு எழுதியிருக்கேன்.