கெல்ட்டுகள் எழுதாமல் விட்டது

மொன்றியல், கனடா, மார்ச் 2007

அன்பும் மதிப்பும் மிக்க அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

வகுப்பில் இப்போது, ரோமர் படையெடுத்து அடக்கிய கெல்ட் இனத்தவரைப் படிக்கிறோம். புத்தகம் முழுக்க அவர்கள் காட்டுமிராண்டிகளாம். எரிச்சலில், அவர்கள் தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். அவர்களுடைய பூசாரிகள் எழுத விடவில்லையாம். மிஞ்சியது ரோமர் எழுதியது மட்டும்தானாம்.

"செத்துப்போன ஆக்களுக்காக ஏனடி கோவிக்கிறாய்?" என்று அறைத்தோழி துவாரகா சிரிக்கிறாள்.

உங்கள் கடிதங்களிலும் "எல்லாரும் சுகம்" தவிர ஒன்றுமில்லை. தபாலில் போட்டால் இராணுவத்தினர் பிரித்துப் பார்ப்பார்கள் என்று தெரியும். ஆனால் எங்கள் மட்டக்களப்பில் சண்டையில் நடப்பதை நான் மெட்ரோவில் கிடக்கும் பிரெஞ்சுப் பேப்பரில்தான் படிக்கிறேன், அப்பா.

இதைக் கொண்டுவரும் அன்ரன் அண்ணை அடுத்த மாதம் இங்கே திரும்பி வருவார். அவரிடம் மிளகாய்த்தூளும், அங்கே நடந்ததையெல்லாம் உங்கள் கையால் எழுதிய கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பொதி கனத்தால் தூளை விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்
தக்ஷினி