ஒன்பதாவது நாமம் சொல்லி மூடிய ரிவால்வர்

ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராத என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வேதம் எழுதிக்கொள்வது. நீங்கள் போனபிறகு அணா போய் நயா பைசா வந்துவிட்டது. ரங்கன் உங்களைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டான். உங்களைப் போலவே போலீஸில், சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகி, தை பிறந்ததும் பயிற்சிக்கு வேலூர் போகிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அழுதும் பார்த்தேன். அவனும் கேட்கவில்லை, காவிரியும் கேட்கவில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஊர் பேசிய பேச்சுக்கு ஊர் காதில் விழும்படிதானே பதில் சொல்ல வேண்டும்?

தொட்டியம் பக்கம் வாழைத்தோட்டத்தில் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்க விடியற்காலையில் போனீர்கள். வெயில் ஏறுவதற்குள் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஐயா பக்கத்துல தோட்டாவெல்லாம் சிந்திக் கிடந்துச்சு" என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். உங்கள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "பீச்சாங்கைப் பழக்கத்தை விடுடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! தோட்டா போடத் தெரியாம தடுமாறித்தானே போயிட்டான்! சோத்துக் கையால சுட்டிருந்தா இன்னைக்கு உசிரோட இருப்பானே!" ஊரும் அதையே பேசியது.

உங்கள் காலடியில் ரங்கன் உட்கார்ந்திருந்தான். அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. உங்களைப் போலவே இடதுகைப் பிள்ளை. காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் போன அன்றே பலப்பத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. அடி வாங்கினான், அழுதான், ஆனால் கையை மட்டும் திருப்பவில்லை. ஆற்றில் கல் எறியும்போதுகூட இடது கை மேலே போகும், பாதியில் நிற்கும், கல் வலது கைக்குப் போகும். இப்போதும் சொல்கிறான், "பயப்படாதேம்மா, நான் சோத்துக் கையாலதான் சுடுவேன்."

உங்கள் கை தடுமாறும் என்று என்னால் நம்பவே முடிந்ததில்லை. அந்தக் கையை என்னைவிடப் பார்த்தவர் யார்?

விளக்கேற்றியதும் கூடத்தில் ஜமுக்காளத்தை மடித்துப் போடுவேன், காலித் தோட்டாவை வைத்து நீங்கள் பழகும்போது அது கீழே விழுந்து நசுங்கக் கூடாது என்று. ரிவால்வரில் தோட்டா போடும் உருளை இடப்பக்கம்தான் திறக்கும். அதைத் திறக்கிற குமிழும் இடப்பக்கமே, வலது கைக்காரனின் கட்டைவிரலுக்குத் தோதாக. "இதைச் செஞ்ச வெள்ளைக்காரன் வீட்ல பீச்சாங்கைப் பிள்ளை ஒண்ணுகூடப் பொறக்கல போலிருக்கு" என்று சிரிப்பீர்கள்.

அதற்கு நீங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். சுட்டு முடித்ததும் துப்பாக்கி வலது கைக்கு மாறும். வலது கட்டைவிரல் குமிழைத் தள்ளும், இடது கை விரல்கள் உருளையை வெளியே சாய்க்கும். துப்பாக்கி வாய் மேலே பார்க்க, உருளையின் முன்னால் நீட்டியிருக்கும் கம்பியில் இடது உள்ளங்கையால் ஒரு குத்து. ஆறும் கீழே கொட்டும். பிறகு வாய் கீழே பார்க்கும். இடது கை இடுப்புப் பைக்குப் போகும், ஒவ்வொன்றாகப் போடும், உருளையை அழுத்தி மூடும், துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும். பை வலப்பக்கம் இருப்பதுதான் வழக்கம் என்றார்கள். நான்தான் அதைப் பிரித்து இடப்பக்கம் தைத்துக் கொடுத்தேன்.

"மூணு சுட்டிருந்தா மூணு மிச்சம் இருக்குமே, அதையும் கொட்டுவீங்களா?"

"ஆமா. எது காலி, எது நல்லதுன்னு அங்க நின்னு பொறுக்கிட்டு இருக்க முடியுமா?"

"நல்லது மூணும் வீண். யாரு பதில் சொல்றது?"

"உன்னைக் கொண்டுபோய் கஜானாவுல உட்கார வைக்கணும்டி."

விளக்கின் முன்னால் நான் தினமும் சொல்கிற பன்னிரண்டு நாமத்தையே உங்கள் கைக்குத் தாளமாக வைத்துக்கொண்டீர்கள். கேசவா, நாராயணா, மாதவா, கோவிந்தா என்று எட்டு வரை நான் சொல்வேன்; திறக்க ஒன்று, கொட்ட ஒன்று, தோட்டாவுக்கு ஆறு. ஒன்பதாவது உங்கள் பேர். கட்டினவர் பேரைப் பெண்டாட்டி எப்படிச் சொல்வாள்? அங்கே நிறுத்திவிடுவேன்.

"ஏன் நின்னுட்டே? அடுத்தது என்ன?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"மறந்து போச்சு, சொல்லேன்."

"போங்க, விளையாடாதீங்க."

"பெருமாள் பேர்தானேடி? சரி, நானே சொல்லிக்கறேன்." உங்கள் பேரை நீங்களே உரக்கச் சொல்லி டக்கென்று உருளையை மூடுவீர்கள். தினமும் அங்கேதான் மூடும். ஒருநாளும் பத்தாவதுக்குப் போனதில்லை.

இந்த மார்கழி ஏகாதசிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ஒருவர் கம்பூன்றி நம் வாசலுக்கு வந்தார். அன்று உங்களோடு வந்த கான்ஸ்டபிள் மாரிமுத்து. தொடையில் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, அப்படியே தெற்கே மாற்றலாகிப் போனவர். நமக்கெல்லாம் விவரம் தெரிந்திருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். உங்கள் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். மனுஷன் பதறிவிட்டார்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? தோட்டா சிந்தல. காலி மூணு, நல்லது மூணு, ஒரே இடத்துல கொட்டினாப்ல கிடந்துச்சு. ஐயா புதுசா ஆறு போட்டு மூடினதை நான் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பார்த்தேன். சாமி பேரா சொல்லிக்கிட்டே போட்டாரும்மா. கடைசியில தன் பேரையே சொல்லிக்கிட்டார். டக்குனு மூடினார்."

"அப்புறம்?" என்றேன்.

"துப்பாக்கியை இடது கைக்கு வாங்கி நிமிர்ந்தார். பின்னாடித் தோட்டத்துலேர்ந்து எவனோ சுட்டுட்டான். அங்க ஒருத்தன் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஐயா கைமேல ஒரு குத்தமும் இல்லம்மா."

நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. இத்தனை வருஷம் பொய்யோ நிஜமோ ஒரு காரணம் இருந்தது. நம்பாவிட்டாலும் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சண்டைக்கும் ஆளில்லை. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. நான் தைத்த பை சரியான இடத்தில்தான் இருந்தது. பெருமாள் பேரையும் வரிசை பிசகாமல் சொன்னீர்கள். அப்புறமும் ஏன்? வீட்டு வரவுசெலவில் ஒரு பைசா இடித்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். இது எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை. சன்னதியில் நின்று கேட்டேன். படுத்திருக்கிறவர் படுத்தேதான் இருந்தார்.

ரங்கன் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தான். வெகுநேரம் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நான் எதுக்கும்மா மாத்திக்கிட்டேன்?"

 உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் ஒரு மரக்கட்டையில் ஆறு குழி குடைந்துகொண்டு வந்தான். கொட்டைப்பாக்குதான் தோட்டா. ஜமுக்காளத்தை நான் மடித்துப் போட்டேன். உங்கள் கை எப்படிப் போகும் என்று கேட்டான், சொன்னேன். இடது கையால் எடுத்தான். பாக்கு குழியில் விழாமல் உருண்டோடியது. "இந்தக் கை மறந்துடுச்சும்மா. அந்தக் கைக்கு இன்னும் முழுசா வரல" என்றான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் தாங்கியிருக்க மாட்டீர்கள்.

தினமும் நாமம் சொல்கிறேன். எட்டு முடிந்ததும் என் வாய் தானாக நின்றுவிடுகிறது. அடுத்ததைச் சொல்ல வேண்டியவர் இல்லை. ரங்கன் பாக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான்.

இந்தப் பயிற்சி அவனைக் காப்பாற்றும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களைக் காப்பாற்றவில்லையே. ஆனாலும் எந்தக் கையாலும் முடியாத பிள்ளையாக அவனை ரயிலேற்ற மாட்டேன். நாளை விளக்கேற்றியதும் நான் எட்டோடு நிறுத்தப் போவதில்லை. அவன் மூடுகிறவரை ஒன்பதாவதையும் நானே உரக்கச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. வாய் வருமா என்று பயமாக இருக்கிறது. அதனால் முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ரங்கனின் அம்மா,
ஸ்ரீதரனின் மனைவி,
வேதவல்லி
ஸ்ரீரங்கம்