மருந்து ரூமில் அசையாத கை

விஸ்வநத்தம்
வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனைவி பாண்டிலட்சுமி எழுதுவது. அங்கே வெயில் அதிகம் என்றார்கள், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் சுகமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால் உங்கள் நாக்பூர் குடோனுக்கு வெடி லோடு கொண்டுவரும் டிரைவர் சபரிநாதனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமை சேர்ந்துவிடும் என்றார்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். “பொம்பளைக்கு எதுக்குடி கராத்தே? ஜெயபாண்டி கையை முறுக்குற அளவுக்கு வந்துட்டியா? போய் மன்னிப்புக் கேளு” என்று சொல்லியிருக்கிறீர்கள். எதுக்கு என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். முழுசாகப் படியுங்கள்.

சிவகாசியில் டைரி, காலண்டர் கடை வைத்திருக்கும் முகைதீன் பாயின் மகள் ஹாதியா, கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறாள். முதல் நாள் எல்லோரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். ஒரு பெண் போலீஸ் வேலைக்கு என்றாள். என்னோடு வேலை பார்க்கும் இருளம்மாளுக்குச் சர்க்கரை, தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது என்று வந்தாள். ஒருத்தி, புருஷன் குடித்துவிட்டு வந்தால் தேவைப்படும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நான் முதுகுவலி என்று பொய் சொன்னேன்.

நிஜம் இதுதான். பட்டாசுக் கம்பெனியில் எங்கள் ரூமில் வெடிக் குழாய்களுக்கு மருந்து அடைக்கிற வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே எத்தனை சட்டம். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வளையல் கூடாது, ஹேர்பின் கூடாது, செருப்பு கூடாது. எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, வெடுக்கென்று திரும்பக் கூடாது. இத்தனை சட்டமும் மருந்துக்கு. போர்மேன் ஜெயபாண்டியின் கைக்கு ஒரு சட்டமும் கிடையாது.

இரண்டு கையும் மருந்தில் இருக்கும்போதுதான் பின்னால் வந்து நிற்பார். இடுப்பில் கை வைப்பார். நம்மால் திமிற முடியாது, கையை உதற முடியாது, தட்டு சாய்ந்தால் நாலு பேரும் கரிக்கட்டை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த ரூமில் மட்டும் வருகிறார். வேனிலோ வாசலிலோ கண்டால், என்ன தங்கச்சி, விக்னேஷ் போன் போட்டானா என்று மரியாதையாகக் கேட்பார்.

ஆடி மாதம் ஒருநாள் என்னை அறியாமல் துள்ளிவிட்டேன். தட்டு ஆடியது. “ரூமையே காலி பண்ணப் பாக்குறியா” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். நாள் முழுக்க என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். சாயங்காலம் நான் அவரிடமே போய், தப்பு என்மேல்தான் அண்ணே, மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஜெயபாண்டி அங்கே இருக்கிறான், பயமில்லாமல் போ, அண்ணே என்று கூப்பிடு என்று அனுப்பி வைத்தது நீங்கள்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு கராத்தேயில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் ஹாதியாவிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு யாரையும் அடிக்க வேண்டாம், ஒரு கையைத் தடுக்க வேண்டும், ஆனால் என் உடம்பு அசையக் கூடாது என்றேன். அப்படி ஒன்றை அவளும் கற்றதில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கவிழ்த்த டம்ளர்மேல் தட்டு நிறையக் கேப்பை மாவை வைத்து, என் இரண்டு கையையும் அந்த மாவுக்குள் வைக்கச் சொன்னாள். இருளம்மாள் பின்னாலிருந்து வந்து தொடுவாள். நான் இடது கையை மட்டும் அலுங்காமல் எடுத்து, அவள் பெருவிரலைப் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். முதல் வாரம் மாடி முழுக்க மாவு. ஆறாவது வாரம் ஒரு பொட்டு சிந்தவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பிடித்தேன். சத்தம் போடாமல் முட்டி போட்டார். அவராலும் அந்த ரூமில் கத்த முடியாது, துள்ள முடியாது. “அசையாதீக அண்ணே, மருந்து இருக்கு” என்று மட்டும் சொன்னேன். விட்டதும் எழுந்து போய்விட்டார். தட்டில் இருந்தது தட்டிலேயே இருந்தது. வேலையில் குறை சொன்னதற்கு நான் கையை முறுக்கினேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருளம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளையும் அவர் விட்டு வைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

இப்போது மேனேஜர் திங்கட்கிழமை விசாரிக்கப் போகிறாராம். நானும் இருளம்மாளும் சொன்னால் போதாதாம், வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று உங்கள் நம்பரை வாங்கியிருக்கிறார். என் இடுப்பில் அவர் கை வைத்தாரா என்பதற்கு நாக்பூரில் இருக்கிற நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். என்ன நியாயம் இது?

ஜெயபாண்டி உங்களுக்குப் பதினைந்து வருஷக் கூட்டாளி. நான் வந்து பதினொரு வருஷம்தான் ஆகிறது. அப்படிப் பார்த்தால் அவர்தான் மூத்தவர். ஆனால் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன். வேலை போனால் வேறு கம்பெனி பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் போவேன்.

சீசன் வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதீர்கள். ஆத்தா மாரியம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் கை போனைத்தான் தேடும், எனக்குத் தெரியும். ஜெயபாண்டியிடம் கேட்க உங்களுக்கு ஆயிரம் இருக்கும். ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அத்தான், என்னைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாண்டிலட்சுமி