கழற்றச் சொன்ன தெர்மோஸ்டாட்

பூன் லே
ஆகஸ்ட் 19

அன்பு மகள் இன்ஷாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகம், உம்மாவின் முழங்கால் மட்டும் மழை மேகத்தைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அந்தக் கனடாவில் நீயும் மருமகன் அதீஃபும் குட்டி அனமும் எப்படி இருக்கிறீர்கள்? அனம் போனில் சிரித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நேற்றுக்கூடப் பேசினோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். இதை இரண்டு தடவை போனில் சொல்ல வாயெடுத்தேன், இரண்டு தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். எழுதும்போது நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய் அல்லவா.

தேக்கா சந்தைக் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகிற நம் பிக்கப் வண்டி போன வாரம் அளவுக்கு மீறிப் புகை தள்ளியது. பட்டறை வைத்திருக்கும் சக்தியிடம் கொண்டுபோனேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, சூடு காட்டுற ஊசி ஏறவே மாட்டேங்குதே அண்ணே, எஞ்சின் சூட்டை அளவா வெச்சிருக்கிற தெர்மோஸ்டாட்டே உள்ள இல்லையே, யாரு கழட்டுனா என்று கேட்டார். நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால் அது இறுகிப் போய் வண்டி கொதித்தபோது கழற்றி எறிந்தேன், வருஷம் முழுக்க வேகுற ஊர்ல அது எதுக்கு லா என்றேன், எங்கள் டிரைவர் கூட்டம் முழுக்கச் சொல்கிற பேச்சுதான் அது. சக்தி சிரிக்கவில்லை. எஞ்சினுக்கும் அளவான சூடு வேணும் அண்ணே, இங்க புகையோட போச்சு, பனி விழுற ஊரா இருந்தா ஹீட்டர்ல வெறும் குளிர் காத்துதான் வரும், உள்ள உக்காந்திருக்க முடியாது என்றார். அப்போதுதான் உன் டிரக் ஞாபகம் வந்தது மகளே. ஜூன் மாதம் உன் பழைய டிரக் நடுவழியில் கொதித்து நின்றபோது நீ பதறிப்போய்க் கூப்பிட்டாயே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடும்மா, முப்பது வருஷமா வண்டி ஓட்டுறவன் சொல்றேன் என்றேனே. நிச்சயமாவா வாப்பா என்று நீ ஒரு தடவை கேட்டாய். நான் சொன்னதால் அதீஃப் அன்றைக்கே கழற்றிவிட்டார். அன்று முழுக்க எனக்கு என்ன பெருமை தெரியுமா, பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னேன்.

புதிது ஒன்று வாங்கினேன். மாட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று உம்மாவின் டீச் சட்டியில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். இனி இந்தச் சட்டியில டீ போட்டா நீங்கதான் குடிக்கணும் என்று உம்மா முனகினாள், ஆனாலும் பக்கத்திலேயே நின்றாள். வெளியே மழை. தண்ணீர் கொதிக்கப் போகிற நேரத்தில் அந்தப் பித்தளைத் தட்டு மெல்ல மெல்லத் திறந்தது, நீ பிறந்த மறுநாள் கண் திறந்தாயே, அப்படி. வெளியே எடுத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. போட்டும் எடுத்தும் எத்தனை தடவை பார்த்தோமோ தெரியாது. சாயங்காலம் சக்தியின் பட்டறையில் நானே மாட்டினேன். பழைய தண்ணீரை வடித்து, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளே வைத்து, புது ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன், அவ்வளவுதான் வேலை. பிறகு சுவா சூ காங் பக்கம் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். ஊசி நிதானமாக ஏறி நடுவில் நின்றது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். சாலையெல்லாம் வெள்ளையாக இருந்தது, உன் டிரக் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, அனம் உள்ளேயிருந்து கண்ணாடியில் கை வைத்திருந்தாள், அந்தச் சின்னக் கையின் அச்சு மட்டும் தெரிந்தது. விழித்தபோது என் கைகள் குளிர்ந்திருந்தன.

அக்டோபரிலேயே பனி வந்துவிடும் என்று நீதான் சொன்னாய். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வர, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நாற்பது கிலோமீட்டர் போகிறாய். அதற்குள் உன் வண்டிக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டிவிடு, இந்த வாரமே. எஞ்சின் ஆறின பிறகு மட்டும் மூடியைத் திறக்கும்படி அதீஃபிடம் சொல். நான் சொன்னதை நம்பித்தான் கழற்றினீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாப்பாவை மன்னித்துவிடு.

வண்டியில் எப்போதும் ஒரு கம்பளியும் தண்ணீரும் வைத்துக்கொள். அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குளிரிலும் கதகதப்பாக வைத்திருக்கட்டும், பயணமெல்லாம் பத்திரமாக முடியட்டும். ஊசி நடுவில் நிற்கிறதைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதே. ஒருவேளை அந்த ஊர் மெக்கானிக், எந்த முட்டாள் இதைக் கழற்றச் சொன்னான் என்று கேட்டால், என் வாப்பாதான் என்று கூசாமல் சொல்.

உன் படத்துக்காகக் காத்திருக்கும்
வாப்பா ஜலாலுதீன்