குற்றமே நடக்காத ஊர்

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

குற்றம் குறைந்த ஊர் என்று உங்கள் ஸ்டேஷனுக்கு விருது கிடைத்ததாமே, சந்தோஷம்.

போன வாரம் என் தங்கை வீங்கிய முகத்தோடு உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் கேஸ் எழுதினா ஊர் பேர் கெட்டுடும், வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவைத்தீர்கள். மச்சினி என்றுகூடப் பார்க்கவில்லை.

போனாள். நேற்று அவன் அவளுடைய கையை முறித்துவிட்டான். மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "மாமாகிட்ட சொல்லாதேக்கா, விருது வாங்குற நேரம்" என்கிறாள்.

பக்கத்து ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், எழுதிக்கொண்டார்கள். உங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

இனி அவளோடுதான் இருப்பேன். வீட்டைப் பூட்டாமலே வந்துவிட்டேன். உங்கள் ஊரில் யார் திருடப்போகிறார்கள்?

இப்படிக்கு,
அவளுடைய அக்கா