நான் சேர்த்துச் சொல்லாத சொல்

அண்ணே,

இன்று காலை தரமணி அலுவலகத்தில் கூட்ட அறைக் கதவைத் திறந்ததும் அந்தப் பச்சைத் தேநீர் வாசனை. "வைக்கோல் ஊற வெச்ச தண்ணி மாதிரி கீது மேடம்" என்று என் காதில் சொல்லிவிட்டு, மரியாதைக்காக இரண்டு கோப்பை குடித்தீர்களே, அது ஞாபகம் வந்தது.

அன்று நீங்கள் கேட்டது ஒரே ஒரு பஸ். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையிலிருந்த உங்கள் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே குடிவைத்திருந்தார்கள். உங்கள் பிரிவில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வந்தார்கள். காலை ஷிப்டுக்கு நேரத்தில் வரமுடியவில்லை. சூப்பர்வைசரான நீங்கள் அவர்களுக்காகப் பேசினீர்கள். மொழிபெயர்க்க நான் நடுவில்.

நம் கூட்டு நிறுவனத்தின் ஜப்பானியத் தலைவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "யோசிக்கிறோம்" என்றார். அவர்களிடம் அது 'முடியாது' என்பதற்கு நாகரிகமான சொல். எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்த நம் ஊர்ப் பங்குதாரருக்கும் தெரியும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றாரு?"

"யோசிக்கிறோம்னு சொல்றாருண்ணே."

"அப்போ வந்துடும்!"

சொன்னதைத்தான் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது என்பது என் வேலை. வெளியே வந்தாவது சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். பஸ் வரும்வரை என்று, தினமும் உங்கள் பைக்கில் ஒருவரைக் கொண்டுவந்து விட்டு, அடுத்தவரை அழைத்துவரத் திரும்பிப் போனீர்கள். ஒரு மழை நாளில் அப்படிப் போகும்போதுதான் அந்த லாரி.

தலைவர் உங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்று வாயால் சொன்னால் வழக்காகிவிடும் என்று பங்குதாரர் தடுத்திருந்தார். அதனால் இடுப்பு மடங்கக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. அண்ணி என் கையைப் பிடித்து, "இன்னாம்மா, ஒரு வார்த்தகூட பேசாம நின்னுகினே கீறாரு?" என்று கேட்டார்கள். அந்தக் குனிவுதான் மன்னிப்பு என்று அவர்களிடமும் நான் சேர்த்துச் சொல்லவில்லை.

பஸ் இன்னும் வரவில்லை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் இன்று மறுபடி கேட்டாள். அதே பதில். இந்த முறை, "முடியாதுன்னு அர்த்தம்மா" என்று அங்கேயே சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அப்போ நாங்க இன்னா பண்றது மேடம்?"

உடனே சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் உங்கள் சாவிலிருந்து நான் கற்றுவைத்திருப்பது. அதைச் செய்துவிட்டேன். அதற்குமேல் என்னால் ஒன்றும் முடியவில்லை, அண்ணே.