கவர்னருக்கும் தேர்தல் உண்டாம்

வெள்ளி, 1 நவம்பர் 2002

காலையில் தூசி. பத்து மணிக்கு மேல் தெளிந்தது. வெயில் உண்டு, சூடு இல்லை. ஏ.சி. போடாமல் இரண்டாவது நாள். துவைத்தது: சட்டை 4, லுங்கி 2. நீலச் சட்டையில் காலர் அழுக்கு போகவில்லை.

மதியம் வழக்கம்போல் இரண்டாம் மாடி, கணேசன் வீடு. சாம்பார், வாழைக்காய் பொரியல், அப்பளம். கணேசன் மனைவி ராஜியின் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது. வாரத்தில் வீட்டுச் சாப்பாடு என்று நான் சாப்பிடுவது இது ஒன்றுதான்.

சாப்பாடு முடிந்ததும் நான் இங்கிலீஷ் பேப்பரை விரிப்பேன், தமிழில் சொல்வேன், மற்றவர்கள் கேட்பார்கள். குவைத் அப்பாசியாவில் இந்தக் கட்டிடத்துக்கு நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான். கணேசனுக்குக் கல்யாணம் ஆகுமுன்பே தொடங்கியது. எட்டாவதோடு நின்றவன் நான். அகராதியைப் புரட்டி நானாகப் படித்த இங்கிலீஷ். எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்று கு.வும் உட்கார்ந்திருந்தார். (மூன்றாம் மாடி குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். கப்பல் ஏஜென்சியில் கணக்கு வேலை. ஆடியில் குடிவந்தார். முழுப் பெயர் எழுதினால் இடம் வீண்.)

நான் விளக்கினேன். செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் தேர்தல். ஜனாதிபதிக்கு இல்லை, அவர் பதவிக்காலத்தின் நடுவில் இரண்டு சபைக்கும் வருவது. ஆளுகிறது குடியரசுக் கட்சி, யானைச் சின்னம். எதிரே ஜனநாயகக் கட்சி, கழுதை. நடுவில் வருகிற தேர்தலில் ஆளுங்கட்சிக்கு அடி விழும். யானை தோற்றால் பாக்தாத் மேல் போர் எடுக்கத் தைரியம் வராது. போர் இல்லையென்றால் பக்கத்தில் குவைத்தில் இருக்கிற நமக்கு என்ன பயம்? ஆகவே ராஜியும் பிள்ளைகளும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நன்றாகத்தான் சொன்னேன்.

கணேசன் கேட்டான்: "கவர்னர் தேர்தலும் அன்னைக்குத்தான்னு டி.வி.ல சொன்னானே அண்ணாச்சி?"

"கவர்னருக்கு ஏதுடே தேர்தல்? மேலிடம் பார்த்துப் போடுத ஆளுல்லா அவரு. மாளிகையில இருப்பாரு, கொடி ஏத்துவாரு."

கு. தொண்டையைச் செருமினார். "குறை நினையாதேங்கோ அண்ணை. அங்க கவர்னரைச் சனம்தான் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யிறது. உங்கட முதலமைச்சர் மாதிரி எண்டு வையுங்கோவன்."

என் ரூம்மேட் சேவியர், லாரி ஓட்டுகிறவன், விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ இத்தனை வருசமா எங்களுக்குத் தப்புத் தப்பாவா சொல்லித் தந்தீங்க?" எல்லாரும் சிரித்தார்கள்.

சேவியர் சிரிக்கட்டும். அவன் எதற்கும் சிரிப்பான். ராஜியும் சிரித்தாள்.

சனி, 2

ஆபீஸில் கோவாக்காரப் பெண்ணிடம் சாடையாகக் கேட்டேன். அங்கே கவர்னருக்கும் தேர்தல் உண்டாம். அவளுக்கே தெரிந்திருக்கிறது.

அகராதியில் பார்த்தேன். ஆளுநர் என்று போட்டிருக்கிறான். யார் நியமிப்பது என்று போடவில்லை. நான் என்ன செய்ய? மாளிகைக்காரரை எவனாவது ஓட்டுப் போட்டு வைப்பானா?

வடக்கே பாலைவனத்தில் பல ரோடுகளை அடைத்துவிட்டார்களாம், அமெரிக்க ராணுவப் பயிற்சி. சேவியர் பார்த்துவிட்டு வந்தான். கீழே மளிகைக் கடையில், விஷவாயு வந்தால் ஜன்னலுக்கு ஒட்ட அகல டேப் வந்திருக்கிறது. நான் வாங்கவில்லை. கு. வாங்கினாராம்.

திங்கள், 4. தீபாவளி

டூட்டி உண்டு. விடியுமுன் எண்ணெய் வைத்துக் குளியல். புதுச் சட்டைக்கு மஞ்சள் வைக்க மறதி.

சாயங்காலம் கணேசன் மகள் மீனு பலகாரத் தட்டோடு வந்தாள். இரண்டாம் வகுப்பு. என்னைப் பேப்பர் தாத்தா என்பாள். இன்னொரு கையில் இன்னொரு தட்டு.

"அது யாருக்கு?"

"போன் அங்கிளுக்கு. அவர் மொபைல்ல நான் ஆச்சிகிட்ட ஹாப்பி தீபாவளி சொன்னேன் தாத்தா!"

என் தட்டில் அதிரசம் இரண்டு. மூன்றாம் மாடிக்குப் போகிற தட்டில் மூன்று. ஒன்று பெரிது.

பேப்பரில் ஆச்சியோடு பேச முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக?

செவ்வாய், 5

நமக்கு மத்தியானம், அங்கே விடிகாலை. ஓட்டுப் போட ஆரம்பித்திருப்பான். ஸ்டோரில் பெயிண்ட் டப்பா வரவு பார்த்துக்கொண்டிருந்தபோதும் இதே நினைப்பு. ரூமுக்கு வந்து பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். கழுதைக்காகப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யானைமுகத்தானிடம் போய்! புத்தி கெட்டுத்தான் போச்சு.

புதன், 6

ரம்ஜான் நோன்பு இன்று தொடக்கம். டூட்டி மத்தியானத்தோடு முடிந்தது. பகலில் டீ கிடையாது. தலைவலி.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் படியிலேயே சேவியர். "அண்ணாச்சி, கழுதை படுத்துட்டுல்லா! ரெண்டு சபையும் யானைக்கு!"

"எவன் சொன்னான்?"

"மேல் மாடிதான். நியூஜெர்சியில இருந்து அவர் தம்பி போன் பண்ணினாராம்."

ராத்திரி வரை நம்பவில்லை. லண்டன் ரேடியோவில் தமிழ்ச் செய்தியிலும் அதையே சொன்னான். மேல்சபை யானை கைக்கு வந்துவிட்டது. கீழ்ச்சபையில் இருந்ததைவிடக் கூடுதல். ஆளும் கட்சி நடுத்தேர்தலில் இப்படிக் கூடுவது அபூர்வம் என்றும் சொன்னான்.

கவனிக்க: அபூர்வம். அப்படியானால் நான் சொன்னதுதான் விதி. அவர்கள் செய்தது விலக்கு. இதைச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது.

வியாழன், 7

பேப்பரில் பக்கம் பக்கமாக இதுதான். கவர்னர் கணக்கில் மட்டும் கழுதைக்கு லாபம். இருந்ததைவிடக் கூடியிருக்கிறது! கத்தரித்து வைத்தேன். நாளைக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

அதே பக்கத்தில்: தெற்கே ஒரு மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கழுதைதான் கவர்னர், அங்கேயும் இந்த முறை யானை. மாநிலச் சபைகளிலும் யானைக்கு ஏற்றம். இதை வாசிக்க வேண்டியதில்லை.

வெள்ளி, 8

காற்று. ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பர் திணித்தேன்.

மதியம் புளிக்குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவியதும் பேப்பரை விரித்தேன். "கவர்னர் கணக்கை எடுத்துக்கிட்டா..." என்று ஆரம்பிப்பதற்குள் கணேசன்: "அது கிடக்கட்டும் அண்ணாச்சி." திரும்பி உட்கார்ந்துகொண்டான். "குலம் சார், நீங்க சொல்லுங்க. இவங்களை அனுப்பிரவா?"

சார்!

கு. கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "என்ர தம்பி சொன்னவன், சனம் பயந்துபோய் இருக்குதாம். பயந்த சனம் ஆட்சியை மாத்தாது. இனி அந்தாளுக்குத் தடை சொல்ல ஒருத்தரும் இல்லை. அனுப்பிறதெண்டால் இப்பவே அனுப்புங்கோ."

"மீனுவோட பள்ளிக்கூடம் என்னாவது?" இது நான்.

"பள்ளிக்கூடம் ஊரிலயும் இருக்குத்தானே அண்ணை. நாங்களும் எங்கட ஊரில நாளைக்குப் போவம், நாளைக்குப் போவமெண்டு இருந்தனாங்கள். பிறகு றோட்டைப் பூட்டிப் போட்டாங்கள்."

அந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் கிடையாது என்று தெரிந்தே பேசுகிறார். நான் பேப்பரை மடித்தேன்.

"அண்ணாச்சி, மோர் ஊத்தவா?" என்றாள் ராஜி. இரக்கப்பட்ட குரல். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நல்ல மோர். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

ஞாயிறு, 10

சாயங்காலம் கணேசன் வந்தான். சேவியர் இல்லாத நேரம் பார்த்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ராஜி போகமாட்டேங்கா."

"ஏன்?"

"'போர் வராதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாங்கள்லா. அவங்க தொண்ணூறுல இங்கன இருந்து பார்த்தவங்க. குலம் சாருக்கு இந்த ஊரைப் பத்தி என்ன தெரியும்'ங்கா. எனக்கும் மனசு ரெண்டா இருக்கு. நீங்க முடிவாச் சொல்லுங்க. இருங்கன்னா இருந்துக்கிடுதோம்."

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். ஆடியிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன். கு. இல்லை, அவர் மொபைல் இல்லை, அமெரிக்காத் தம்பி இல்லை. என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று கேட்கிறான்.

டீ போட்டேன். அவனுக்குச் சர்க்கரை தூக்கலாக. போடும்போது தொண்ணூறு ஞாபகம், பாக்தாத் படை குவைத்துக்குள் புகுந்த வருஷம். பாக்தாத் வழியாகத் தப்பிப் போய் ஜோர்டான் எல்லைக் கூடாரம். தண்ணீர் லாரி வரும். ஆம்பிளைகள் முண்டியடிப்பார்கள். பிள்ளைகள் லாரிக்கு அடியில் பாத்திரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒழுகுகிறதைப் பிடிக்க. மீனு வயது இருக்கும்.

டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "போர் வராது."

அவன் முகத்தில் வெளிச்சம்.

"ஆனா உன் சின்னவளுக்கு இன்னும் மொட்டை போடலையே. ஒத்தைப்படை வயசுல போடணும். மூணு எப்போ முடியுது?"

"மார்கழியில அண்ணாச்சி."

"சாஸ்தாவுக்கு நேர்ந்துட்டு இப்படித் தள்ளித் தள்ளிப் போடலாமாடே? இந்த மாசமே அனுப்பு."

"அப்போ... போருக்காக இல்லேங்கீங்க."

"போரு எங்க வரப் போவுது? மொட்டைக்குத்தான். நான் சொன்னேன்னு ராஜிகிட்டச் சொல்லு."

"திரும்பி எப்ப வர?"

"முடி வளரட்டும். தலை பின்னுத அளவுக்கு வளரட்டும்."

டீயை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஆறிப்போகும், குடி என்றேன்.

செவ்வாய், 12

ராஜி சம்மதித்துவிட்டாள். சாமி காரியம் என்றதும் மறுபேச்சு இல்லையாம். டிக்கெட் ஆகிவிட்டது.

சேவியர் வந்து சொல்கிறான்: "குலம் அண்ணன் சொன்ன மாதிரியே அனுப்புதாம்லா கணேசன்." கட்டிடம் முழுக்க இதே பேச்சு. கேட்டவரிடமெல்லாம் மொட்டை என்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வியாழன், 14

ஏர்போர்ட்டுக்கு கு. காரில். டாக்சி பிடிக்கலாம் என்று பார்த்தேன், பெட்டி அதிகம். முன் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார். மரியாதைதான். அவர் காரில் அவர் கொடுக்கும் மரியாதை.

வழியில் கு.: "நல்ல முடிவு கணேசன்."

"மொட்டைக்குப் போறாங்க," என்றேன்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஓம் அண்ணை. மொட்டைக்குத்தான்." சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

உள்ளே போகுமுன் ராஜி எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். "ரெண்டு பேரும் பங்கு வச்சுக்கிடுங்க." அவர் கையில்தான் கொடுத்தாள். நான் குட்டியைத் தூக்கி வைத்திருந்தேன், அதனால் இருக்கலாம். குட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை விடவே இல்லை. கொடுத்துவிட்டேன்.

ஜாடி இப்போது மூன்றாம் மாடி ஃபிரிட்ஜில்.

வெள்ளி, 15

தூறல். இந்தக் குளிருக்கு முதல் தூறல்.

கணேசன் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. கு. சொதி கொண்டுவந்தார். தேங்காய்ப் பாலில் வைத்தது. குறை சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். கணேசன், "படிங்க அண்ணாச்சி," என்றான். படித்தேன். அவன் மீனுவின் ஒற்றைச் செருப்பைக் கட்டிலடியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கு. மட்டும் கேட்டார். ஓர் இடத்தில் சந்தேகம்கூடக் கேட்டார். தெரிந்துகொண்டே கேட்கிறாரோ?

வியாழன், 21

பாக்தாத்துக்கு ஆயுதச் சோதனைக்காரர்கள் போகிறார்கள். சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று வந்துவிடுவார்கள். போர் வராது. வந்தாலும் அது வேறு விஷயம்.

பால் பவுடர், சவர பிளேடு வாங்க வேண்டும்.

வெள்ளி, 22

நல்ல வெயில். தலையணையைக் காயப் போட்டேன்.

பேப்பரை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகும் நேரம் கதவுத் தட்டல். கு. மூச்சு வாங்க நிற்கிறார், கையில் மொபைல். "கெதியாப் பிடியுங்கோ அண்ணை. ஊரில இருந்து."

ராஜி. பின்னால் கோயில் மேளம். "அண்ணாச்சி, மொட்டை போட்டாச்சு! குட்டி அழவே இல்லை. தலை நிறையச் சந்தனம்." பிறகு, மேளத்தை விட்டுத் தள்ளி வந்திருப்பாள், குரல் இறங்கியது. "அண்ணாச்சி, அங்க எப்படி இருக்கு? வரலாமா?"

கு. பக்கத்திலேயே நின்றார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல.

"போரெல்லாம் வராது தாயி," என்றேன். "குட்டிக்கு முடி வளர்ந்துட்டா?"

"இன்னைக்குத்தான அண்ணாச்சி எடுத்தது!"

"அப்போ வளரட்டும். அவசரம் இல்ல."

மேளம் மறுபடி பக்கத்தில் கேட்டது. "சரி அண்ணாச்சி," என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நம்பர் அவருடையது, அவரிடம்தான் முதலில் பேசியிருப்பாள். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. வரலாமா என்று அவரிடமும் கேட்டாளா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லை அண்ணை," என்றார்.